ரப்பர் பேண்ட் நுரை ராக்கெட்: தலையில் கனம் சேர்ப்பதா, வாலில் கனம் குறைப்பதா?

நூலேணி:
நுரைக்குழாயை வெட்டி, ரப்பர் பேண்டால் பறக்கவிடும் ராக்கெட் ஒன்று செய்திருக்கிறேன். பறக்கிறது. ஆனால் கையை விட்டதும் வால் ஓரிரு முறை ஆடி, அப்புறம்தான் நேராகிறது. அந்த ஆட்டத்தில் கொஞ்ச தூரம் வீணாகிறது. அதைப் போக்க என்ன வழி என்று பேசத்தான் இந்த இழை. முதலில் செய்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன், புதிதாகச் செய்பவர்களுக்கும் உதவும்.

உடல், தண்ணீர்க் குழாய்களுக்கு உறையாகப் போடும் சாம்பல் நிற நுரைக்குழாய். 30 செ.மீ. நீளம், வெளிவிட்டம் 3.8 செ.மீ. மூக்குப் பக்கம் நுனியிலிருந்து 3 செ.மீ. தள்ளி ஒரு சுற்று டேப் ஒட்டிவிட்டு, அந்த டேப்பின் மேல் எதிரெதிராக இரண்டு துளைகள். ஒரு துளை வழியாகக் கேபிள் டையை நுழைத்து, குழாயின் உள்ளே ரப்பர் பேண்டின் ஒரு முனையையும் ஒரு நூல் வளையத்தையும் அதில் கோத்து, மறு துளை வழியாக வெளியே எடுத்து, வெளிப்புறமாகச் சுற்றிப் பூட்ட வேண்டும். ரப்பர் பேண்ட் மூக்கு வழியாக வெளியே தொங்கும். நூல் குழாயின் உள்ளேயே ஓடி வால் பக்கம் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். டேப் இல்லாமல் நேரடியாகக் கேபிள் டை போட்டால் அது நுரையை அறுத்துவிடும். பூட்டிய பிறகு மிஞ்சும் வாலை ஒட்ட வெட்டி, அதன் மேலும் டேப் போடுங்கள். வெட்டிய முனை பிளேடு மாதிரி கீறும்.

அந்த நூல் எதற்கு என்றால், ராக்கெட்டின் வாலைப் பிடித்து இழுத்தால் ரப்பர் மட்டுமல்ல, நுரையும் சேர்ந்து நீள்கிறது. இறக்கைக்காகப் போட்ட கீறல்கள் மெல்ல மெல்லக் கிழிகின்றன. நூலைப் பிடித்து இழுத்தால் இழுவிசை முழுவதும் நேராகக் கேபிள் டைக்குப் போய்விடும், நுரை சும்மா இருக்கும். இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு ராக்கெட்டின் ஆயுள் பல மடங்கு கூடியது.

வால் பக்கம் சம இடைவெளியில் நான்கு கீறல்கள், ஒவ்வொன்றும் 8 செ.மீ. தடித்த அட்டையில் 12 செ.மீ. அகலம், 8 செ.மீ. உயரத்துக்கு இரண்டு துண்டுகள். ஒன்றில் மேலிருந்து பாதிவரை, மற்றதில் கீழிருந்து பாதிவரை வெட்டி ஒன்றுக்குள் ஒன்று செருகினால் கூட்டல் குறி மாதிரி நிற்கும். அதைக் கீறல்களுக்குள் இறக்கிவிட்டு வால் முனையை டேப்பால் கட்டினால் நான்கு வால் இறக்கைகள் தயார். பசை தேவையே இல்லை.

மொத்த எடை 22 கிராம். விரல் மேல் வைத்துப் பார்த்தால் மூக்கிலிருந்து 15.5 செ.மீ.யில் சமமாக நிற்கிறது. வாலாட்டத்தை நிறுத்த மூக்கில் ஒரு வாஷர் வைக்கலாமா என்று யோசிக்கிறேன். வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

காற்றாடிப் பித்தன்:
நூல் யோசனை அருமை நண்பரே. நாசாவின் ராக்கெட் ஆசிரியர் கையேட்டில் இதே வகை நுரை ராக்கெட் ஒரு வகுப்பறைப் பாடமாகவே இருக்கிறது. அதிலும் கேபிள் டைதான், ஒன்றுக்குள் ஒன்று செருகும் இறக்கைதான்.

உங்கள் கேள்விக்கு வருவோம். ராக்கெட் நேராகப் போக இரண்டு புள்ளிகள் முக்கியம். ஒன்று நீங்கள் விரலில் கண்ட நிறை மையம். மற்றது அழுத்த மையம். ராக்கெட் கொஞ்சம் சாயும்போது பக்கவாட்டில் அடிக்கும் காற்றின் தள்ளு விசை எல்லாம் சேர்ந்து ஒரே இடத்தில் படுவதாக வைத்துக்கொண்டால், அந்த இடம்தான் அழுத்த மையம். நிறை மையம் முன்னாலும் அழுத்த மையம் பின்னாலும் இருந்தால் காற்றே ராக்கெட்டைத் திருப்பி நேராக்கிவிடும். மாறி அமைந்தால் குட்டிக்கரணம். மாதிரி ராக்கெட் செய்பவர்கள் இரண்டுக்கும் நடுவே குறைந்தது ஒரு விட்டம் அளவு இடைவெளி வேண்டும் என்பார்கள். உங்களுக்கு அது 3.8 செ.மீ.

அழுத்த மையத்தைக் கண்டுபிடிக்க ஜேம்ஸ் பாரோமன் 1960களில் சமன்பாடுகள் தந்தார். இந்த அளவு ராக்கெட்டுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். பக்கவாட்டில் பார்த்தால் தெரியும் உருவத்தை அப்படியே ஓர் அட்டையில் வரைந்து வெட்டுங்கள். அந்த அட்டை விரலில் சமமாக நிற்கும் இடத்தை அழுத்த மையமாக வைத்துக்கொள்ளலாம். இந்த முறை அழுத்த மையத்தை உண்மையில் இருப்பதைவிட முன்னால்தான் காட்டும். ஆகவே இதை நம்பிச் செய்தால் பாதுகாப்பான பக்கமே நிற்போம்.

நூலேணி:
வெட்டிப் பார்த்தேன். அட்டை உருவம் மூக்கிலிருந்து 19 செ.மீ.யில் நிற்கிறது. ஆக இடைவெளி 3.5 செ.மீ. ஒரு விட்டத்துக்குக் கொஞ்சம் குறைவு. வாலாட்டத்துக்குக் காரணம் புரிந்தது.

பட்டறைவாசி:
அப்படியென்றால் வாஷரே போதும். ஒரு நான்கு கிராம் வாஷரைக் கேபிள் டைக்கு ஒரு செ.மீ. முன்னால் வைத்துக் கட்டிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

இரட்டையர் அம்மா:
வாஷர் வேண்டாம், தயவுசெய்து. என் வீட்டில் ஆறு வயதுப் பிள்ளைகள் இரண்டு பேர் இதை வைத்து விளையாடுகிறார்கள். நுரை ராக்கெட்டை நான் அனுமதித்ததே, யார் மேல் பட்டாலும் காயம் ஆகாது என்பதால்தான். மூக்கில் இரும்பு வந்துவிட்டால் அது வேறு பொருள். இரண்டு செ.மீ. நுரைக்குப் பின்னால் ஒளித்து வைத்தாலும், தரையில் மோதி மோதி நுரை நசுங்கும், டேப் விலகும், ஒருநாள் வாஷர் முன்னால் வந்து நிற்கும். அதைப் பிள்ளைகள் சொல்ல மாட்டார்கள். நாமாகப் பார்த்தால்தான் உண்டு. கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பட்டறைவாசி:
பயம் நியாயம்தான் அம்மா. களிமண் உருண்டை வைத்தால்? அது மென்மையாகத்தானே இருக்கும்.

இரட்டையர் அம்மா:
காய்ந்தால் கல்தான். காயாத மாவுக் களிமண்ணும் மோதும் வேகத்தில் கெட்டிப்பொருள் போலத்தான் இடிக்கும். கனம் சேர்க்காமல் வழியே இல்லையா?

கணக்குப்பிள்ளை:
இருக்கிறது. தலையில் கனம் சேர்த்தால் நிறை மையம் முன்னால் நகரும். வாலில் கனத்தை எடுத்தாலும் முன்னால்தான் நகரும். எது எவ்வளவு நகர்த்துகிறது என்று போட்டுப் பார்ப்போம்.

இப்போது 22 கிராம், 15.5 செ.மீ. இரண்டையும் பெருக்கினால் 341. மூக்கிலிருந்து 2 செ.மீ.யில் 4 கிராம் சேர்த்தால் 349ஐ 26 கிராமால் வகுக்க வேண்டும். 13.4 செ.மீ. வருகிறது. அதற்குப் பதிலாக இறக்கை இருக்கும் 26 செ.மீ. இடத்தில் 4 கிராம் எடுத்துவிட்டால் 237ஐ 18ஆல் வகுக்க, 13.2 செ.மீ.

பலன் கிட்டத்தட்ட ஒன்றுதான், சொல்லப்போனால் எடுப்பது ஒரு துளி மேல். இரண்டு வழியிலும் இடைவெளி ஐந்தரை செ.மீ.க்கு மேல் போய்விடும். ஆனால் ஒரு ராக்கெட் 26 கிராம், இன்னொன்று 18 கிராம். ஒரே ரப்பர் பேண்டை ஒரே அளவு இழுத்தால் இரண்டுக்கும் கிடைக்கும் ஆற்றல் ஏறக்குறைய சமம். காற்றை விட்டுவிட்டுப் பார்த்தால் தூரம் எடைக்கு எதிர்விகிதத்தில் போகும். 18 கிராம் ராக்கெட் 44 சதவீதம் கூடுதல் தூரம் போக வேண்டும்.

அட்டை இறக்கையின் எடை என்ன நூலேணி?

நூலேணி:
இரண்டு துண்டும் சேர்ந்து 6 கிராம்.

கணக்குப்பிள்ளை:
அதே அளவை உணவுத் தட்டுகள் செய்யும் மெல்லிய தெர்மோகோல் தாளில் வெட்டுங்கள். 3 மி.மீ. தடிமன் போதும். சுமார் 2 கிராமுக்குள் முடிந்துவிடும். நான்கு கிராம் அங்கேயே கிடைத்துவிட்டது.

காற்றாடிப் பித்தன்:
கணக்கு சரி. ஆனால் “காற்றை விட்டுவிட்டு” என்பதில்தான் எனக்கு நெருடல். எடை குறைந்த பொருளைக் காற்று சீக்கிரம் நிறுத்திவிடும். பஞ்சை வீசி எறிந்தால் எவ்வளவு தூரம் போகும்? எல்லை இல்லாமல் இலேசாக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்கு மேல் பலன் இருக்காது.

கணக்குப்பிள்ளை:
ஒப்புக்கொள்கிறேன், அந்த எல்லை எங்கே என்று பார்க்க வேண்டியதுதான். விநாடிக்கு 12 மீட்டர் வேகத்தில் 3.8 செ.மீ. விட்டமுள்ள குழாயின் மேல் காற்றின் எதிர்ப்பு சுமார் 0.07 நியூட்டன் வரும். 18 கிராமின் எடை 0.18 நியூட்டன். எதிர்ப்பு எடையில் பாதியைக்கூடத் தொடவில்லை. ஆகவே அந்த 44 சதவீதம் சுருங்கும், ஆனால் இலேசான ராக்கெட்டே முன்னால் நிற்கும்.

இதையே நீச்சல் குளத்தில் மிதக்கப் பயன்படும் தடித்த நுரைக்குழாயில் செய்தால் கதை வேறு. அதன் விட்டம் 6 செ.மீ.க்கு மேல். முகப்பின் பரப்பு இரண்டரை மடங்கு. அங்கே எதிர்ப்பு எடையை நெருங்கிவிடும், நீங்கள் சொல்வது அதற்கு முழுதாகப் பொருந்தும். பலர் அந்தக் குழாயில் செய்துவிட்டு “தூரமே போகவில்லை” என்று ரப்பரைக் குறை சொல்கிறார்கள். ரப்பரில் குறையே இல்லை, குழாய்தான் தடிமன்.

பட்டறைவாசி:
குழாயைப் பற்றி ஒன்று சேர்க்க வேண்டும். ஏசியின் செம்புக் குழாய் மேல் கறுப்பாக ஒன்று போட்டிருப்பார்கள். அதுவும் நுரைதான், ஆனால் ரப்பர் வகை. கனமும் கூட, வளைந்தும் கொடுக்கும். சாம்பல் நிறக் குழாய் பாலிஎத்திலீன், விறைப்பாக இலேசாக இருக்கும். கையில் ஒரு முனையைப் பிடித்து நீட்டிப் பாருங்கள், தொங்கினால் வேண்டாம். நீளவாக்கில் ஏற்கெனவே பிளவு போட்ட குழாயும் கிடைக்கும். அதைத் தவிர்ப்பது நல்லது. ஒட்டினால் டேப்பின் எடை சேர்கிறது, ஒட்டாவிட்டால் பறக்கும்போது வாய் திறந்துகொள்கிறது.

ரப்பர் பேண்டும் சும்மா கைக்குக் கிடைத்தது எடுக்கக் கூடாது. அகலமானது வேண்டும். 64ஆம் எண் என்று விற்பது தட்டையாக வைத்தால் சுமார் 9 செ.மீ. நீளம், 6 மி.மீ. அகலம். இந்த எடைக்கு அது பொருத்தம். எவ்வளவு இழுக்கலாம் என்றால், இயல்பான நீளத்தைப் போல மூன்று மடங்கு வரை. அதற்கு மேல் ரப்பர் திடீரென்று இறுகும், கையில் அது நன்றாகவே தெரியும். அறுவதும் அங்கேதான்.

விண்மீன்22:
அண்ணா, இழுத்துப் பிடித்துக்கொண்டு குறி பார்த்துவிட்டு விட்டால் தூரம் குறைகிற மாதிரி இருக்கிறது. உடனே விட்டால் நன்றாகப் போகிறது. இது உண்மையா, என் கற்பனையா?

பட்டறைவாசி:
உண்மைதான் தம்பி. அகலமான ரப்பர் பேண்ட் ஒன்றை உதட்டில் வைத்துச் சட்டென்று இழுத்துப் பார், சூடு தெரியும். இழுத்தபடியே கொஞ்ச நேரம் வைத்திருந்து தளர்த்திவிட்டு மறுபடி உதட்டில் வை, குளிர்ச்சி தெரியும். ஜான் கஃப் என்பவர் 1805லேயே இதைப் பதிவு செய்திருக்கிறார். பிற்பாடு இயற்பியலாளர் ஜூல் அளந்து காட்டினார். நீ இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அந்தச் சூடு காற்றில் கலந்துபோகிறது, ரப்பரின் உள் இறுக்கமும் மெல்லத் தளர்கிறது. இரண்டும் உன் ராக்கெட்டுக்குப் போக வேண்டிய ஆற்றல். முதலில் குறி பார், அப்புறம் இழு, உடனே விடு.

விண்மீன்22:
சூடு தெரிகிறது அண்ணா! வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டு உதட்டில் வைத்துக் காட்டினேன்.

இரட்டையர் அம்மா:
அறுந்தால் முகத்தில் அடிக்கும் தம்பி, கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

ரப்பரைப் பற்றி நானும் ஒன்று சொல்கிறேன். வெயிலில் கிடந்த பேண்டை உபயோகிக்காதீர்கள். பார்வைக்கு முழுசாக இருக்கும். லேசாக இழுத்து விளிம்பைப் பார்த்தால் நுண்ணிய வெடிப்புகள் தெரியும். வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் செய்கிற வேலை. வெடிப்பு ஒன்று தெரிந்தாலும் குப்பைக்கு அனுப்புங்கள்.

நூலேணி:
இழை இவ்வளவு தூரம் வந்ததில் மகிழ்ச்சி. தெர்மோகோல் இறக்கை மாற்றிவிட்டேன். மொத்த எடை 18 கிராம், நிறை மையம் 13.2 செ.மீ., கணக்குப்பிள்ளை சொன்ன இடத்திலேயே. வாலாட்டம் போய்விட்டது. விட்ட கணத்திலிருந்தே நேராகப் போகிறது.

வேகத்தையும் அளந்தேன். நேர் மேலே விட்டு, கிளம்பியதிலிருந்து அதே உயரத்துக்குத் திரும்பும்வரை நேரம் பார்க்க வேண்டும். அந்த விநாடிகளை 4.9ஆல் பெருக்கினால் கிளம்பிய வேகம். காற்றைச் சேர்க்காத கணக்குதான், ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க நல்ல அளவுகோல். பழைய அட்டை இறக்கையில் 2.1 விநாடி, அதாவது விநாடிக்கு 10.3 மீட்டர். தெர்மோகோலில் 2.3 விநாடி, 11.3 மீட்டர். இழுத்த தூரம் இரண்டுக்கும் ஒன்றே.

கணக்குப்பிள்ளை:
22ஐ 18ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.106. உங்கள் வேகங்களின் விகிதம் 1.097. கையால் பிடித்த கடிகாரத்துக்கு இது மிக நல்ல பொருத்தம். உயரம் வேண்டுமானால் நேரத்தின் வர்க்கத்தை 9.8ஆல் பெருக்கி 8ஆல் வகுங்கள். 5.4 மீட்டரிலிருந்து 6.5 மீட்டருக்கு ஏறியிருக்கிறது. ஒரு கிராம்கூடச் சேர்க்காமல்!

காற்றாடிப் பித்தன்:
இதைப் பார்க்கும்போது அல்போன்ஸ் பெனோ நினைவுக்கு வருகிறார். 1871ல் பாரிசில் முறுக்கிய ரப்பரால் ஓடும் ஒரு சிறு விமானத்தைப் பறக்கவிட்டார். எல்லாரும் எஞ்சின் வலுவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த காலத்தில், வாலைச் சரியாக வைத்தால் விமானம் தானாகவே நிலைத்துப் பறக்கும் என்று செய்து காட்டியவர். அவரிடமும் இருந்தது ரப்பர்தான்.

சரி, கோணத்துக்கு வருவோம். 45 பாகைதான் அதிக தூரம் என்று பாடப்புத்தகம் சொல்லும். எனக்கு 40 பாகை சுற்றுவட்டத்தில்தான் நல்ல தூரம் கிடைக்கிறது.

கணக்குப்பிள்ளை:
அப்படித்தான் கிடைக்கும். 45 என்பது காற்றில்லாத இடத்துக்கு, அதுவும் கிளம்பிய உயரத்திலேயே இறங்கினால். நாம் தோள் உயரத்திலிருந்து விடுகிறோம், தரையில் விழுகிறது. காற்றும் இருக்கிறது. இரண்டுமே சிறந்த கோணத்தைக் கீழே இறக்கும். பிள்ளைகளுக்குக் காட்ட அருமையான சோதனை ஒன்று உண்டு: தரையை ஒட்டியபடியே 30 பாகையிலும் 60 பாகையிலும் விடச் சொல்லுங்கள். காற்றில்லாவிட்டால் இரண்டும் ஒரே இடத்தில் விழ வேண்டும். நம் ராக்கெட் 30ல் விட்டால்தான் தள்ளி விழும். காற்று என்ற ஒன்று இருக்கிறது என்பதைக் கண்ணால் காண இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

விண்மீன்22:
கோணத்தை எப்படிச் சரியாக வைப்பது? நான் கட்டைவிரலில் மாட்டித்தான் விடுகிறேன்.

நூலேணி:
கட்டைவிரலில் விட்டால் கோணம் ஒவ்வொரு முறையும் மாறும், சில சமயம் ராக்கெட் விரலையே இடிக்கும். ஒரு மீட்டர் மரச்சட்டம் எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் பேண்டை அதன் முன் முனையில் மாட்டி, ராக்கெட்டைச் சட்டத்தின் மேல் படுக்கவைத்து, பின்னாலிருந்து நூலை இழுத்து விட வேண்டும். சட்டத்தில் செ.மீ. கோடுகள் இருந்தால் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு இழுக்கலாம். அளந்து ஒப்பிட நினைப்பவர்களுக்கு இது இல்லாமல் முடியாது. முனையை உப்புத்தாளால் நன்றாக வழவழப்பாக்குங்கள். பேண்ட் அங்கே சிக்கினால் ராக்கெட் சுழன்று திரும்பி வரும்.

கோணத்துக்கு, சட்டத்தின் பக்கவாட்டில் கோணமானி ஒன்றை அதன் நேர் விளிம்பு சட்டத்துக்கு இணையாக இருக்கும்படி ஒட்டி, நடுவிலிருந்து நூலில் ஒரு சின்ன எடையைத் தொங்கவிடுங்கள். சட்டம் படுக்கையாக இருக்கும்போது நூல் 90ல் நிற்கும். நிமிர்த்த நிமிர்த்த நகரும். நூல் காட்டுவதற்கும் 90க்கும் உள்ள வித்தியாசம்தான் கோணம்.

இன்னொன்று, ராக்கெட்டைச் சட்டத்தில் வைக்கும்போது இறக்கைகள் பெருக்கல் குறி போல நிற்க வேண்டும். கூட்டல் குறி போல வைத்தால் கீழ் இறக்கை சட்டத்தில் இடித்து மூக்கைக் கீழே தள்ளும். பெருக்கல் குறியில் சட்டம் இரண்டு இறக்கைகளுக்கு நடுவே வழுக்கிப் போய்விடும்.

விண்மீன்22:
பெருக்கல் குறியில் வைத்தேன், சரியாகிவிட்டது. ஆனால் என் ராக்கெட் எப்போதும் இடப்பக்கமே வளைகிறது அண்ணா.

காற்றாடிப் பித்தன்:
எப்போதும் ஒரே பக்கம் என்றால் காரணம் காற்று இல்லை, ராக்கெட்டில் இருக்கிறது. முதலில் குழாயைத் தரையில் உருட்டிப் பார். சுருட்டி விற்கும் நுரைக்குழாய் பெரும்பாலும் வாழைப்பழம் போல வளைந்திருக்கும். எதிர்ப்பக்கமாக வளைத்து, நேரான ஒரு குச்சியோடு கட்டி ஓர் இரவு விட்டுவிடு. குழாய் நேராக இருந்தால் வால் பக்கமிருந்து ஒற்றைக் கண்ணால் பார். ஏதாவது ஓர் இறக்கை திரும்பியிருக்கும். கீறல் கோணலாக விழுந்தால் இறக்கையும் கோணலாகத்தான் நிற்கும். புதிதாகக் கீறும்போது குழாயைச் சுற்றி ஒரு காகிதப் பட்டையை ஒட்டி, அதை நான்காக மடித்த கோடுகளை வழிகாட்டியாக வைத்துக்கொள்.

நான்கு இறக்கையையும் ஒரே திசையில் மிகமிகக் கொஞ்சமாகத் திருப்பி வைத்தால் ராக்கெட் சுழன்றுகொண்டே போகும், சிறு கோணல்கள் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவிப்போகும். ஆனால் சுழற்சிக்கும் ஆற்றல் செலவாகும். முதலில் நேராக்கப் பார், முடியாவிட்டால் சுழற்று.

இரட்டையர் அம்மா:
தெர்மோகோல் இறக்கையில் பிள்ளைகளோடு சேர்ந்து செய்துவிட்டோம். இறக்கையின் ஓரம் சீக்கிரம் உடைகிறது. நாலு பக்கமும் டேப் ஒட்டலாமா, இல்லை கனம் கூடிவிடுமா?

கணக்குப்பிள்ளை:
முழுதும் ஒட்டினால் எடுத்த கனம் பாதி திரும்ப வந்துவிடும். தரையில் படும் பின் மூலைகளை மட்டும் வளைவாக வெட்டிவிடுங்கள். உடைவது அந்தக் கூர்முனைதான். டேப் போட்டே ஆக வேண்டும் என்றால் முன் விளிம்பில் ஒரு மெல்லிய பட்டை போதும். வெட்டிய பிறகு விரலில் வைத்து நிறை மையத்தை மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டறைவாசி:
என் வாஷர் யோசனையை எடுத்துவிட்டேன். இன்று தெர்மோகோலில் வெட்டியதில் மொத்தமே 17 கிராம் வந்தது. இரட்டையர் அம்மா, இறக்கைக்கு அச்சு ஒன்று அட்டையில் வெட்டி வைத்துக்கொண்டால் பிள்ளைகள் உடைக்க உடைக்கப் புதிது வெட்டிக் கொடுக்கலாம். டேப்பே தேவைப்படாது.